ஈரப் புல்லில் ஓடாத மெஷின்

தம்பி,

நீ போனை எடுப்பதில்லை. மெசேஜைப் படித்துவிட்டுப் பதில் போடாமல் விடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதி, தேவியிடம் கொடுத்து அனுப்புகிறேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள் நீட்டினால் வாங்கிக்கொள்வாய் என்று நம்புகிறேன். கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நேற்று சிராங்கூன் ரோட்டில் உன் ஜிப்பாவை வாங்கப் போனேன். மாப்பிள்ளை ஏன் போட்டுப் பார்க்க வரவில்லை என்று தையல்காரர் கேட்டார். என் மகனுக்கு வேலை அதிகம் என்று சொன்னேன். இந்த வருடம் உனக்காக நான் சொன்ன இரண்டாவது பொய் அது. முதல் பொய்யைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பாதியில் மடித்து வைக்காமல் கடைசிவரை படி.

குதிரை லத்தி அள்ளுவதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது என்று நீ நினைத்தாய். உன்னைக் குறை சொல்லி என்ன செய்ய? ஊட்லண்ட்ஸ் பேக்டரியை மூடிய பிறகு இந்தக் குதிரைப் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் நாள் கையில் கிடைத்த இரும்பு ஷவலை எடுத்துக்கொண்டு மைதானத்தில் இறங்கினேன். லத்தியோடு மண்ணும் வந்தது, புல்லும் வேரோடு வந்தது. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி சேற்றில் புதைந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து, அள்ளியதையெல்லாம் திரும்பக் கொட்டிவிட்டது. மார்சிலிங் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் இரண்டு நாள் கையைத் தூக்க முடியவில்லை. பிறகுதான் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். லத்தி உருண்டை உருண்டையாகக் கிடக்கும். பல் வைத்த பிளாஸ்டிக் ஃபோர்க்கால் அள்ளி லேசாக உதறினால் உருண்டை மேலே நிற்கும், புல்லும் மண்ணும் கீழே உதிரும். பல்லுக்குப் பல் இடைவெளி அதிகமாக இருந்தால் பாதி உருண்டை நழுவிவிடும். மிகவும் நெருக்கமாக இருந்தால் மண்ணையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். பிளாஸ்டிக் பல் வளைந்து கொடுக்கும், புல்லைக் கிழிக்காது. மழை பெய்து லத்தி கரைந்து படிந்துவிட்டால் ஃபோர்க் உதவாது. வாரியால் இழுத்துச் சேர்த்து, அகல ஷவலால்தான் எடுக்க வேண்டும். அப்படியே விட்டால் ஈ மொய்க்கும், குதிரை வயிற்றுக்குள் புழு போகும், அந்த இடத்துப் புல்லைக் குதிரை தொடாது. எந்த நாளுக்கு எந்தச் சாமான் என்று பழகிக்கொள்ள எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

நீ பாலிடெக்னிக்கில் படித்தபோது ஒரு லீவில் என்னோடு மைதானத்துக்கு வந்தாய். உதவி செய்யப் போகிறேன் என்று வந்தவன், மரத்தடியில் உட்கார்ந்து நான் எத்தனை தடவை குனிகிறேன் என்று எண்ணிக்கொண்டிருந்தாய். இருநூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டு எழுந்து வந்து, என் கையிலிருந்த ஃபோர்க்கைப் பிடுங்கி மிச்சத்தை நீயே அள்ளினாய். வீட்டுக்கு வந்து என் முதுகில் வெந்நீர்ப் பையை வைத்து, "நான் வேலைக்குப் போனதும் உங்க முதுகுக்கு ஒரு மெஷின் வாங்கித் தரேன்மா" என்றாய். அதை நான் மறக்கவில்லை. உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும், நீ அந்த மெஷினைக் கொண்டுவந்ததற்கு என் முதுகும் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும். அது தெரிவதால்தான் எரிச்சல் இன்னும் கூடுகிறது. உன்னைக் கெட்டவன் என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாக இருக்கவும் முடியவில்லை.

போன வருடம் எங்கள் மேனேஜர் மிஸ் டான், பழைய சாமான்களெல்லாம் உடைந்துவிட்டன, புதிதாக என்ன வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள் ஆன்ட்டி என்று என்னிடம் சொன்னார். அத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதினேன். நெருக்கமான பல் வைத்த ஃபோர்க் நான்கு, வாரி இரண்டு, அகல ஷவல் ஒன்று, தடித்த டயர் போட்ட இரண்டு சக்கர வண்டி ஒன்று. நீ சாப்பிட வந்த அன்று அந்தக் காகிதம் மேசையில் கிடந்தது. எடுத்துப் படித்துச் சிரித்தாய். "என்னம்மா, இன்னும் ஃபோர்க்கா? எங்க கம்பெனில இதுக்கு மெஷினே இருக்கு. வேக்கும் மாதிரி இழுத்துக்கும்" என்றாய். பூன் லேயில் உங்கள் கிடங்கில் வரிசையாக நிற்கும் மெஷின்களின் படத்தைப் போனில் காட்டினாய். என் காகிதம் உன் சட்டைப் பைக்குள் போனது. மிஸ் டானுக்குப் போய்ச் சேரவே இல்லை. திருப்பிக் கொடு என்று நானும் கேட்கவில்லை. அது என் முதல் தப்பு.

இரண்டாவது தப்பு பெரியது. மிஸ் டானிடம் நீயே பேசி, மெஷினை ஓட்டிக் காட்ட வந்த அன்று உன் வேனில் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வழியில் உங்கள் டெக்னீஷியன் போனில் பேசினார். நீ ஸ்பீக்கரில் போட்டிருந்தாய். "ப்ரோ, வெட் கிராஸ்ல ஓட்டக் கூடாதுன்னு மேனுவல்லயே இருக்கு லா. அவங்ககிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். "அதெல்லாம் அவங்க பாத்துக்குவாங்க லா" என்று சொல்லிக் கட் பண்ணினாய். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். காதில் விழவில்லை என்று நினைத்திருப்பாய். விழுந்தது. வருடத்தில் பாதி நாள் ஈரமாகக் கிடக்கும் மைதானம் அது. உனக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

அன்று பார்த்து ஒரு வாரமாக மழை இல்லை. மெஷின் உருண்டைகளை உறிஞ்சிக்கொண்டே போனது. மிஸ் டான் கை தட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, தினமும் இதை வைத்து வேலை செய்யப் போவது நீங்கள்தான், என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். நீ கம்பெனிச் சட்டை போட்டுக்கொண்டு, கழுத்தில் அட்டை தொங்க, எல்லோருக்கும் நடுவில் நின்றாய். இவன் என் பிள்ளை என்று அங்கிருந்த அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். "என் மகன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். வேனில் கேட்டதை விழுங்கிவிட்டு அதைச் சொன்னேன். ஃபோர்க் வாங்கும் பேச்சு அதோடு முடிந்தது.

டிசம்பர் மழை தொடங்கியதும் மெஷின் தன் குணத்தைக் காட்டியது. ஈர லத்தி புல்லோடு சேர்ந்து மாவு மாதிரி ஆகி, குழாய் வளைகிற இடத்தில் அடைத்துக்கொண்டது. கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி, மூடியைக் கழற்றி, கையை உள்ளே விட்டு எடுக்க வேண்டும். அந்த வேலையைச் செய்தது செல்வராசு. பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு குத்தகைக் கம்பெனி மூலமாக எங்களிடம் மூன்று வருடமாக வேலை செய்கிறவன். ஊரில் மனைவியும் ஒரு பெண் குழந்தையும் இருக்கிறார்கள். என்னால் அந்த மூடியைத் திறக்க முடியாது என்பதால் அவனே முன்னால் போய் நின்றுகொள்வான். உனக்கு மூன்று தடவை போன் செய்தேன். முதல் தடவை, மழை விட்டதும் ஓட்டுங்கள் என்றாய். இரண்டாவது தடவை, ஓட்டுகிறவருக்குச் சரியாக ஓட்டத் தெரியவில்லை என்றாய். மூன்றாவது தடவை எடுக்கவில்லை. இருந்த இரண்டு ஃபோர்க்கிலும் பல் பாதி உடைந்திருந்தது. எட்டு மணிக்கு வகுப்புக்குப் பிள்ளைகள் வந்துவிடுவார்கள், அதற்குள் மைதானம் சுத்தமாக வேண்டும். வேறு வழியில்லாமல் அந்த மெஷினையே ஓட்டினோம்.

புது வருடம் பிறந்த பிறகு ஒரு நாள் காலை தூறிக்கொண்டிருந்தது. மூன்றாவது தடவையாக அடைத்துக்கொண்டது. செல்வராசு சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினான். நான் நாலைந்து அடி தள்ளி நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் நின்றது. மூடியைத் திறந்து கையை விட்டான். இன்ஜின் நின்றாலும் உள்ளே லத்தியை உறிஞ்சும் காற்றாடி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் என்று எங்கள் இருவரிடமும் யாரும் சொன்னதில்லை. அவன் கத்தவில்லை. "அக்கா" என்று ஒரு தடவை கூப்பிட்டான், அவ்வளவுதான். என் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவன் கையைச் சுற்றினேன். ஆஸ்பத்திரி போவதற்குள் துண்டு முழுக்க நனைந்துவிட்டது. வலது கையில் கடைசி இரண்டு விரல்களும் போய்விட்டன.

நான்கு நாள் கழித்து மிஸ் டான் அறையில் விசாரணை. நீயும் டெக்னீஷியனும் வந்திருந்தீர்கள். செல்வராசுவின் கம்பெனி சூப்பர்வைசரும் இருந்தார். இன்ஜின் ஓடும்போதே கையை விட்டிருக்கிறான், அவனுடைய கவனக்குறைவு, அவனை ஊருக்கு அனுப்பிவிடப் போகிறோம் என்று அவர்தான் ஆரம்பித்தார். யாரும் மறுக்கவில்லை. மிஸ் டான் எழுதிக்கொண்டே, பக்கத்தில் இருந்தவர் நீங்கள்தானே ஆன்ட்டி என்று என்னைப் பார்த்தார். அவர் அடுத்த கேள்வியைக் கேட்பதற்குள் நீ குறுக்கே வந்து தமிழில் கேட்டாய்.

"அம்மா, அவர் இன்ஜின ஆஃப் பண்ணினத நீங்க பாத்தீங்களா?"

உன் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கேள்விக்கு நீ பதிலை எதிர்பார்க்கவில்லை. கண்ணால் என்னிடம் கெஞ்சினாய். மண்டபம் பேசியாகிவிட்டது, பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது, பதவி உயர்வு வரும் என்று சொல்லியிருந்தாய். எல்லாம் ஒரே நொடியில் என் கண் முன்னால் வந்து நின்றன. "நான் அந்தப் பக்கம் திரும்பியிருந்தேன்" என்றேன். நீ மூச்சை விட்டாய். அந்த மூச்சு எனக்குக் கேட்டது, தம்பி. இன்றைக்கும் கேட்கிறது. மிஸ் டான் நான் சொன்னதை எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் நீ என் தோளைத் தொட்டு, தேங்க்ஸ்மா என்றாய். எதற்கு நன்றி என்று அங்கேயே உன்னைக் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு, லீவு நாளில் தமிழ் ஆட்கள் கூடும் தேக்காவுக்குப் போனேன். செல்வராசு தன் ஊர்க்காரர்களோடு புல்வெளியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் மற்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையில் கரண்டியைப் பிடித்துச் சாப்பிட்டான். இரண்டு வாய்க்கு ஒரு வாய் கீழே சிந்தியது. என்னைத் திட்டுவான் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டு போயிருந்தேன். அவன் திட்டவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, சாவிய நான் திருப்புனேன்ல? எல்லாரும் இல்ல இல்லன்னு சொல்றாங்க. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு" என்றான்.

அதைக் கேட்டதும் என்னால் உட்கார முடியவில்லை. விரல் போனது ஒரு மெஷினால் என்று வைத்துக்கொள். அவன் தன் கையால் செய்ததை அவனே நம்ப முடியாமல் போனது என்னால். "திருப்புனப்பா. நான் பாத்தேன்" என்றேன். அவன் "அப்ப சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடி கரண்டியை எடுத்தான். அறையில் ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று அவன் இன்றுவரை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திங்கட்கிழமை வேலை தொடங்கும் முன்னால் மிஸ் டானிடம் போய் உண்மையைச் சொன்னேன். வேனில் கேட்டதையும் சேர்த்துச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இதை ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டார். என் மகன் என்றேன். எனக்கும் ஒரு மகன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டு எழுத ஆரம்பித்தார். கையெழுத்துப் போட்டேன். செல்வராசுவை ஊருக்கு அனுப்பும் பேச்சு நின்றது. மெஷினை உங்கள் கம்பெனி திருப்பி எடுத்துக்கொண்டது. உன்னை விற்பனையிலிருந்து மாற்றிக் கிடங்கில் போட்டார்கள்.

அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு வந்தாய். காலணியைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாய். "கல்யாணத்துக்கு ரெண்டு மாசம் இருக்கறப்ப பெத்த அம்மா செய்யற வேலையா இது? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் செஞ்சிருக்கக் கூடாதா?" என்று கேட்டாய். நீ போய்விட்டாய். லிஃப்ட் கீழே இறங்குகிற சத்தம் கேட்கும்வரை கதவைத் திறந்தே வைத்திருந்தேன். அன்று வராத பதிலை இப்போது சொல்கிறேன். முதல் கேள்விக்கு, ஆமாம், பெற்ற அம்மா செய்ய வேண்டிய வேலைதான், அதையும் ஒரு வாரம் தாமதமாகச் செய்தேன். இரண்டாவது கேள்வியில் நியாயம் இருக்கிறது. உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போயிருக்க வேண்டும். சொன்னால் நீ வேண்டாம் என்பாய், நான் மறுபடி உன் பேச்சைக் கேட்டுவிடுவேன் என்று பயந்தேன். உன்னைவிட என்னை நம்பாமல்தான் சொல்லாமல் போனேன். அதற்கு மட்டும் என்னை மன்னித்துக்கொள்.

செல்வராசு வேலைக்குத் திரும்பியதும் மிஸ் டான் மறுபடி என்னிடம் பட்டியல் கேட்டார். இந்தத் தடவை நான் காகிதத்தில் எழுதவில்லை. அவனையே கூட்டிக்கொண்டு தோட்டச் சாமான் கடைக்குப் போனேன். அவன் ஒவ்வொரு ஃபோர்க்காக எடுத்துப் பார்த்தான். மெல்லிய கைப்பிடி அவன் பிடியில் நிற்கவில்லை, சுழன்று நழுவியது. கனமானதைத் தூக்கினால் தையல் போட்ட இடம் இழுத்தது. பிறகு, பூந்தொட்டியில் போடுகிற களிமண் உருண்டைப் பையைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, தரையில் கொஞ்சம் கொட்டி, ஒவ்வொரு ஃபோர்க்காலும் அள்ளி உதறினான். எதில் உருண்டை நிற்கிறது, எதில் நழுவுகிறது என்று பார்த்தான். கடைக்காரச் சீனப் பெரியவருக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை, பிறகு அவரே உள்ளேயிருந்து இன்னும் இரண்டு ரகம் கொண்டுவந்து கொடுத்தார். முக்கால் மணி நேரம் ஆனது. தடித்த ரப்பர்ப் பிடி போட்ட ஒன்றை எடுத்துக்கொண்டு, "இது என் கைக்கு நிக்குதுக்கா" என்றான். எனக்கு அங்கேயே கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவன் மேல் இல்லை, உன் மேல். முக்கால் மணி நேரம், தம்பி. அவ்வளவுதான் தேவைப்பட்டது. ஒரு மழை நாளில் அந்த மெஷினைக் கொண்டுவந்து முக்கால் மணி நேரம் ஓட்டிப் பார்த்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். ஒரு சாமானை வாங்கும்போது அதைப் பிடிக்கப் போகிற கையைக் கேட்க வேண்டும். நீயும் கேட்கவில்லை. கேட்கப்பட்ட நானும் உண்மையைச் சொல்லவில்லை.

நாளைக்கு நீ ஒரு வீட்டை நடத்தப் போகிறாய். தேவி உன்னிடம் இது வேண்டாம், இது சரிவராது என்று ஏதாவது சொல்வாள். உனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியும். என் காகிதத்தைப் பையில் போட்டுக்கொண்டது மாதிரி அவள் சொல்வதையும் மடித்துப் போட்டுக்கொள்ளாதே. அவளுக்கும் நான் ஒன்று சொல்லியிருக்கிறேன். நீ நாலு பேர் முன்னால் ஏதாவது செய்தால், கணவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று மட்டும் சொல்லிவிடாதே என்றேன்.

அவள் நேற்று எனக்குப் போன் செய்தாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள், ஆனால் நான் இனி எதையும் மறைப்பதாக இல்லை. எங்களுக்கு விற்ற அதே மாதம் நீ இன்னும் இரண்டு மெஷின் விற்றாய். ஒன்று சாங்கி பக்கம் புல்வெட்டும் ஒரு குத்தகைக்காரருக்கு, இன்னொன்று லிம் சூ காங்கில் ஒரு பண்ணைக்கு. போன சனிக்கிழமை நீ லீவு போட்டுவிட்டு, கம்பெனிக்கும் சொல்லாமல், பஸ் பிடித்துச் சாங்கிக்குப் போயிருக்கிறாய். அங்கே வேலை செய்கிற தமிழ் ஆட்களைக் கூப்பிட்டு, மூடியைத் திறந்து காட்டி, காற்றாடி நிற்கும்வரை எப்படிக் காத்திருக்க வேண்டும் என்று நீயே செய்து காட்டினாயாம். மெஷின் மேல் ஒரு காகிதம் ஒட்டினாயாம். 'ஈரத்தில் ஓட்டாதே. இன்ஜின் நின்ற பிறகும் உள்ளே சுற்றும்' என்று எழுதுவதற்கு முன்னால் தேவிக்குப் போன் செய்து, சுற்றும் என்பதற்கு எந்த 'ற' என்று கேட்டாயாம். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டாயாம்.

அவள் அதைச் சொன்னபோது நான் போனை வைத்துவிட்டு அழுதேன். இதை ஒத்துக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. என்னிடம் பேசாவிட்டால் போகிறது. கல்யாணத்தன்று நான் வருவேன், அம்மா உட்கார வேண்டிய இடத்தில் உட்காருவேன், நீ என் பக்கம் திரும்பாவிட்டாலும் அட்சதை போடுவேன். ஆனால் சாங்கிக்குப் போனதோடு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. லிம் சூ காங்கில் இன்னொன்று இருக்கிறது. அதற்குள்ளும் யாரோ ஒருவன் கையை விட்டுக்கொண்டிருக்கிறான். நாளைக்கும் மழை என்கிறார்கள். காலையிலேயே கிளம்பு.

அம்மா